பெயர்த்தகடு இல்லாத டிராக்டர்

டெல்மர் லிண்ட்னர் அந்தச் சின்ன டிராக்டரை மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்தார். இரண்டாவது சுற்றிலேயே அவருக்கு வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

பெயர்த்தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஆணித் துளைகள் மட்டுமே மிச்சம். பானெட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. எஞ்சினோ அந்தக் காலத்தில் சில்லறைக் கம்பெனிகள் எல்லாம் வெளியில் வாங்கிப் பொருத்திக்கொண்ட பொது எஞ்சின். அதன் அடியில் குத்தியிருந்த எண்ணை வைத்து 1958 என்று வருடத்தைச் சொல்லிவிடலாம். அப்பன் பெயர் தெரியாத பிள்ளைக்குப் பிறந்த நாள் மட்டும் தெரிந்து என்ன செய்ய? இதெல்லாம் போதாதென்று இருக்கை வேறு. பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் படக்கென்று மடிந்து தட்டையாகப் படுத்துக்கொண்டது. புல்வெட்டும் டிராக்டரில் மடிகிற இருக்கையை டெல்மர் தன் அறுபத்தெட்டு வயதில் பார்த்ததே இல்லை.

"என்ன டிராக்டர் சார் இது?" என்று கார்லா மறுபடியும் கேட்டாள்.

கார்லா பள்ளிக்கூடத்தில் பாண்டு வாத்தியம் சொல்லித் தருகிறவள். வசந்த காலத்தில்தான் எங்கள் ஊரில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தாள். அந்த வீட்டின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை, யாரோ சொன்னார்கள் என்று கண்காட்சிக்கு இழுத்து வந்திருந்தாள்.

"அவசரப்படாதம்மா. பாத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்றார் டெல்மர்.

"நல்லாப் பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும்" என்றார் பின்னால் நின்றிருந்த மில்டன் ஸ்ட்ரோபல். அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

அதற்குக் காரணம் இருந்தது. வில்லோ கவுண்டி பழைய தோட்ட டிராக்டர் சங்கத்தின் கண்காட்சியில் ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு மரப்பலகை நிற்கும். அதில் செய்தவர் பெயரும் வருடமும் வெள்ளை பெயிண்டில் எழுதப்பட்டிருக்கும். எழுதுகிற தூரிகை டெல்மரிடம் இருந்தது. முப்பது வருடங்களாக விஸ்கான்சின் மாநிலத்தின் இந்த மூலையில் எந்தக் கொட்டகையில் எந்தத் துருப்பிடித்த வண்டி அகப்பட்டாலும் அதை டெல்மரிடம்தான் காட்டுவார்கள். அவர் பெயிண்டை நகத்தால் சுரண்டுவார், முகர்ந்து பார்ப்பார், பின் அச்சை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், பெயரைச் சொல்லுவார். "தெரியாது" என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அது வரும் நாளுக்காக மில்டன் முப்பது வருடங்களாகக் காத்திருந்தார். வந்தால் தூரிகை கை மாறும் என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"என்னய்யா டெல்மர், நாக்கு ஒட்டிக்கிச்சா?" என்றார் மில்டன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. ஒண்ணும் தலை போயிடாது."

"யாரு தெரியலைன்னா?"

"அப்ப சொல்லு."

கூட்டம் கூடிவிட்டது. சாசேஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். டெல்மர் கண்ணை இங்குமங்கும் ஓட்டினார். சாப்பாட்டுக் கூடாரத்தின் கம்பத்தில், மாதா கோயில் பெண்கள் கொண்டுவந்த மடக்கு நாற்காலிகள் இன்னும் விரிக்கப்படாமல் சாய்ந்திருந்தன. மடித்தால் மட்டும் தெரிகிற அடிப்பக்கத்தில் மங்கலாக ஒரு பெயர் அச்சாகியிருந்தது.

"ஹால்விக்" என்றார் டெல்மர்.

"என்னது?"

"ஹால்விக். ஐம்பத்தெட்டு மாடல்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. ஒருமுறைக்கு மூணுமுறை பாக்கறது என் பழக்கம்."

மாதா கோயில் பெண்கள் வந்து நாற்காலிகளை எடுத்து விரித்துப் போட்டார்கள். சாட்சி எல்லாம் கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டது. டெல்மருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

அது அதிக நேரம் நிற்கவில்லை.

"ஹால்விக்கா? நம்ம மாநிலத்துல செஞ்சதா?" என்று கேட்டது ஒரு குரல்.

ஓரின் ட்வேட். டெல்மரின் பள்ளித் தோழர், பக்கத்துப் பண்ணைக்காரர், ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தில் எதிர்க்கை. விஸ்கான்சினில் யார் யாரெல்லாம் தோட்ட டிராக்டர் செய்தார்களோ அவர்கள் ஒவ்வொருவரின் வண்டியிலும் ஒன்று ஓரினின் கொட்டகையில் வரிசையாக நின்றது. போன குளிர்காலத்தில் கடைசி வண்டியும் வந்து சேர்ந்ததும் விருந்து வைத்து, "முடிஞ்சுதுடா டெல்மர், இனி எனக்கு ஒரு குறையும் இல்ல" என்று கண் கலங்கியவர் அவர். டெல்மர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. வெளி மாநிலம் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வேகமாகப் பொய் சொல்லுகிறவனுக்குப் பக்கத்து ஊர்தான் முதலில் வாயில் வரும்.

"இங்கதான், ஆத்தங்கரைப் பக்கம். ஃபாக்டரி எரிஞ்சுபோச்சு. அதான் யாருக்கும் தெரியல."

எரிந்துபோனது என்று சொன்னால் யாரும் போய்த் தேட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கூட்டத்தின் கணக்கு வேறாக இருந்தது.

"எரிஞ்சுபோச்சா? அப்ப ரொம்பக் கொஞ்சம்தான் செஞ்சிருப்பாங்க!"

எங்கள் ஆட்கள் யாரும் வாயைத் திறந்து விலை கேட்க மாட்டார்கள். அது அநாகரிகம். டயரை மெதுவாக ஓர் உதை உதைத்து, "ம்" என்பார்கள். அந்த "ம்" எவ்வளவு நீளமோ அவ்வளவு மதிப்பு. அன்று சாயங்காலம் கார்லாவின் டிராக்டரை உதைத்தவர்கள் போட்ட "ம்" எல்லாம் கிணற்றுக்குள் இறங்குகிற கயிறு மாதிரி நீண்டன.

மில்டன் மட்டும் உதைக்கவில்லை. அவர் முகத்தில் இருந்த கல்யாணக் களை போய்விட்டது. ஆனால் டெல்மருக்குத் தெரிந்த ஒன்று தனக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்வதும் அவர் ரத்தத்தில் இல்லை.

"ஹால்விக்தான். எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார் உரக்க. "எங்க மாமாகிட்ட ஒண்ணு இருந்துச்சு. சின்ன வயசுல நானே ஓட்டியிருக்கேன்."

டெல்மர் வாயைப் பிளந்து மில்டனைப் பார்த்தார். மில்டன் கண் இமைக்காமல் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி லவோனிடம் டெல்மர் எல்லாவற்றையும் கொட்டினார். லவோன் சிரித்த சிரிப்பில் காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

"நாற்காலியைப் பாத்தா பேரு வெச்சீங்க?"

"சிரிக்காத. பக்கத்துல பால் கேன் இருந்திருந்தா அந்தப் பேரைச் சொல்லியிருப்பேன்."

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? நான் தினம் சொல்றேன். உங்க மூக்குக்கண்ணாடி எங்கன்னு நீங்க கேக்கறப்பெல்லாம் சொல்றேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

"உனக்குப் பின்னால மில்டன் நிக்கலையே."

"அந்தப் பொண்ணு பாவம். அதுக்கு வீட்டுக் கூரை மாத்தணுமாம். உங்க பேச்சை நம்பிக்கிட்டு இருக்கும்."

"சனிக்கிழமை கண்காட்சி முடிஞ்சா எல்லாரும் மறந்துடுவாங்க" என்றார் டெல்மர்.

வெள்ளிக்கிழமை காலையில் ஓரின் அவரைத் தேடிப் பிடித்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தூக்கமே வரலடா. முடிஞ்சுபோச்சுன்னு விருந்து வேற வெச்சேனே! எனக்குத் தெரியாம ஒரு ஹால்விக் இத்தனை வருஷமா நம்ம ஊர்லயே படுத்திருக்கு பாரு."

"விடுடா. ஒண்ணு குறைஞ்சா என்ன?"

"ஒண்ணு குறைஞ்சா முழுசு எப்படிடா ஆகும்? நான் முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு மத்தியானம் கார்லா வண்டியில கை வைக்கிறேன். என் பிரெய்ரி குயினைக் கொடுத்துட்டு அதை எடுத்துக்கப் போறேன்."

பிரெய்ரி குயின் ஓரினின் அப்பா ஓட்டிய வண்டி, வெளி மாநிலத்தில் செய்தது என்பதால் அந்த வரிசையில் சேராதது. ஒரு தடவைகூடப் புது பெயிண்ட் படாதது. பெயிண்ட் அடித்துப் பளபளக்கிற வண்டி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், முதல் பெயிண்ட் என்பது ஒரே தடவைதான் என்பார்கள் எங்கள் பக்கம். அந்த வண்டியின் ஸ்டியரிங்கில் ஓரினுடைய அப்பாவின் கைபட்டுத் தேய்ந்த இடம் இன்னும் தெரியும். மூன்று மாநிலங்களிலிருந்து வந்து கேட்டவர்களுக்கும் ஓரின் அதைத் தரவில்லை.

கை வைப்பது என்பதோ எங்கள் சங்கத்தில் லேசான காரியமில்லை. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்து, தலையை ஆட்டினால் வியாபாரம் முடிந்தது. காகிதம் கிடையாது, சாட்சி கிடையாது, திரும்பப் பேச்சும் கிடையாது. கை வைத்துவிட்டுப் பின்வாங்கினவன் என்று ஒருவன் சங்கத்தின் வரலாற்றில் இருந்தான். அவன் ஊரையே காலி செய்துவிட்டுப் போய்விட்டான்.

"வேண்டாம்டா ஓரின்" என்றார் டெல்மர். "அந்த ஹால்விக் மட்டமான வண்டி. கியர்பாக்ஸ் மொத்தமும் சொத்தை. ஒரு வருஷம் தாங்காது."

ஓரின் அவர் தோளைப் பற்றிக்கொண்டார். "அதான் ஒண்ணுகூட மிஞ்சலையா! இது தப்பிச்சிருக்குன்னா எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம்!"

டெல்மர் அங்கிருந்து கார்லாவிடம் ஓடினார். அவள் தன் வண்டியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, யாரு வந்து கேட்டாலும் இதைக் குடுத்துடாத. இப்ப வேண்டாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

கார்லாவின் கை துணியோடு நின்றது. "அடுத்த வருஷம் இன்னும் ஏறுமா சார்?"

"ஐயோ, அதுக்கில்லம்மா..."

"புரியுது சார். நீங்க வெளிப்படையாச் சொல்ல முடியாது. பரவாயில்ல." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ட்வேட் சார் அவரோட வண்டியைத் தரேங்கறாரு. அதை வாங்கிக்க வெளியூர்ல ஆள் தயாரா இருக்காங்களாம். எனக்குக் கூரைக்கு ஆச்சு. நீங்க மட்டும் இல்லைன்னா இதைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன்."

அவள் நன்றியோடு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாக டெல்மர் அங்கிருந்து நகர்ந்தார்.

மத்தியானம் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஓரினுக்கு வேண்டியது விஸ்கான்சின் வண்டி. வேறு மாநிலத்தில் செய்தது என்று தெரிந்தால் விட்டுவிடுவார் அல்லவா? சாப்பாட்டுக் கூடாரத்தில் நாலு பேர் கேட்கிற மாதிரி பேச்சை எடுத்தார்.

"நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். ஹால்விக் நம்ம மாநிலம் இல்ல. ஐயோவாவுல செஞ்சது. எனக்குத்தான் குழம்பிடுச்சு."

ஓரினின் முகம் வாடியது. ஒரு கணம் டெல்மருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"யாரு சொன்னா ஐயோவான்னு?" என்றார் மில்டன், பொரித்த சீஸை வாயில் போட்டுக்கொண்டே. "எங்க மாமா ஆத்தங்கரை ஃபாக்டரிக்கு நேராப் போய் வாங்கிட்டு வந்தாரு. கூட நான் போயிருந்தேன். பெரிய புகைபோக்கி இருந்துச்சு. வாசல்ல ஒரு நாய் கட்டியிருந்துச்சு. பழுப்பு நாய்."

"நாயா?" என்றார் டெல்மர்.

"பேருகூட ஞாபகம் இருக்கு. ரெக்ஸ்."

ஓரினின் முகம் மறுபடி மலர்ந்தது. நாய்க்குப் பெயர் வரைக்கும் இருக்கும்போது ஃபாக்டரி எப்படி இல்லாமல் போகும்?

கூடாரத்துக்குப் பின்னால் டெல்மர் மில்டனை மடக்கினார்.

"யோவ் மில்டன், உனக்கு மாமாவே கிடையாது."

"எனக்கு மூணு மாமா. உனக்கு ஹால்விக் கம்பெனி இருக்கா?"

மில்டனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முப்பது வருடம் ஒருவனையே கவனித்துக்கொண்டிருந்தால் அவன் பொய் சொல்லும்போது தொண்டையைச் செருமுவான் என்பது தெரியாமலா போகும்?

"ஓரின் அவங்கப்பா வண்டியைக் குடுக்கப் போறான்யா" என்றார் டெல்மர். "உன் மாமா கதையை நிறுத்து. அவன் விட்டுடுவான்."

"நான் எதுக்கு நிறுத்தணும்? நீ போய் மேடையில நின்னு, 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லு. எல்லாம் தானா நிக்கும். அப்படியே தூரிகையையும் கொண்டா."

டெல்மர் திரும்பி நடந்தார். அதற்குள் மில்டனின் தங்கை மகள் டிராக்டரைப் படம் பிடித்து, "டெல்மர் லிண்ட்னர் கண்டுபிடித்த அபூர்வ ஹால்விக்" என்று ஃபாக்டரி எரிந்த கதையோடு சேர்த்துச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டாள். ஒரு பொய் முளைத்து இலை விட்டு இப்போது ஊரெல்லாம் படரத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை லவோன் சுட்ட ரொட்டியைக்கூட அவர் தொடவில்லை.

"ஓரின் அவங்கப்பா செத்தப்போ நான் அந்தப் பிரெய்ரி குயின் பக்கத்துலதான் அவனோட உக்காந்திருந்தேன்" என்றார். "அவன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்."

"அப்ப என்ன பண்ணணும்னு உங்களுக்கே தெரியுது" என்றாள் லவோன்.

"உண்மையைச் சொன்னா ரெண்டு பேருக்கு நஷ்டம். அந்தப் பொண்ணுக்குக் கூரை போகும், எனக்குத் தூரிகை போகும்."

"தூரிகை முடியெல்லாம் கொட்டிப்போச்சுங்க" என்றாள் லவோன். அவள் சொன்னது ஆறுதலா கிண்டலா என்று அவருக்கு விளங்கவில்லை.

மத்தியானம் வந்தது. திடல் முழுக்கச் சோளக்கதிர் வேகிற மணம். ஹால்விக்கைச் சுற்றி வட்டமாக ஜனம். ஓரின் தன் பிரெய்ரி குயினைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார். இறங்கும்போது ஸ்டியரிங்கை ஒருமுறை தடவினார். யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். டெல்மர் பார்த்தார்.

கார்லா தன் உள்ளங்கையைப் பானெட்டின் மேல் வைத்தாள். ஓரின் கையை நீட்டினார்.

"நிறுத்து!"

டெல்மர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார். அவர் கையில் ஒரு மடக்கு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த பாதிரியாரை எழுப்பிவிட்டு எடுத்து வந்திருந்தார்.

"ஓரின், கையை எடு. ஹால்விக்னு ஒரு டிராக்டரே கிடையாது. அன்னிக்கு எனக்குப் பேரு தெரியல. இதைப் பாத்துச் சொன்னேன்." நாற்காலியை மடித்து, அடிப்பக்கத்தை உயர்த்திப் பிடித்தார். "ஹால்விக் மடக்கு நாற்காலி கம்பெனி! ஃபாக்டரி எரிஞ்சதும் பொய், ஐயோவாவும் பொய், கியர்பாக்ஸும் பொய். இந்த டிராக்டர் என்னன்னு எனக்குத் தெரியாது!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் திடலே அடங்கிப்போனது. தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பழைய எஞ்சின்கூட அந்த நேரம் பார்த்து இருமி நின்றது.

பிறகு சிரிப்பு வெடித்தது. ஆண்கள் முதுகைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். பாதிரியார் சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். யாரோ ஒருவன், "அப்ப நம்ம மாதா கோயில்ல இருநூறு ஹால்விக் டிராக்டர் இருக்குடா!" என்று கத்தினான். இன்னொருவன் மில்டனைப் பார்த்து, "உங்க மாமா எதை ஓட்டினாரு சார், நாற்காலியையா?" என்றான்.

"எங்க மாமா என்கிட்ட பொய் சொல்லியிருக்காரு" என்றார் மில்டன் கொஞ்சமும் கலங்காமல். "செத்துப்போனவரை இப்பப் போய்க் கேக்கவா முடியும்?"

ஓரின் மட்டும் சிரிக்கவில்லை. டெல்மரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கப்பா வண்டியைக் குடுக்க இருந்தேனேடா."

"தெரியும்டா. அதான் சொல்லிட்டேன். என்னைத் திட்டணும்னா திட்டு."

"ரெண்டு நாளா நீ திட்டு வாங்கற மூஞ்சியோடதான் சுத்தினே. எனக்குத்தான் ஆசை கண்ணை மறைச்சிடுச்சு." ஓரின் தன் பிரெய்ரி குயினில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். "என் வரிசை முழுசாத்தான் இருக்கு. அது போதும்டா எனக்கு."

டெல்மருக்குத் தொண்டை அடைத்தது. இந்தத் தடவை செருமவில்லை.

கார்லாதான் பாவம். இன்னும் பானெட்டில் கையை வைத்தபடியே நின்றிருந்தாள். "அப்ப இது வெறும் இரும்பா சார்?"

"மன்னிச்சிடும்மா. உன் கூரைக்கு நாங்க எல்லாரும் வந்து ஆணி அடிக்கிறோம். நான் முதல் ஆளா வரேன்."

"நாங்களும் வரோம்" என்று பல குரல்கள் எழுந்தன. பெரிய கொட்டகைகளையே ஒரே நாளில் கூடி எழுப்புகிற ஜனம். ஒரு வீட்டுக் கூரையா பெரிது? அந்த விஷயம் அங்கேயே தீர்ந்தது.

"சரி, இந்த இரும்பை யாராவது எடுத்துட்டுப் போங்களேன்" என்றாள் கார்லா. "திரும்ப இழுத்துட்டுப் போக என்னால ஆகாது."

மில்டன் முன்னால் வந்தார். "நான் எடுத்துக்கறேம்மா. எங்க வீட்டு வாசல்ல நிறுத்தி, பானெட்டுக்குள்ள மண்ணைக் கொட்டிப் பூச்செடி வெப்பேன். உனக்கு என்னோட தள்ளுற புல்வெட்டி ஒண்ணு தரேன், நல்லா ஓடும்." சொல்லிவிட்டு எல்லோரும் பார்க்கும்படி உள்ளங்கையைப் பானெட்டில் வைத்தார். கார்லா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். வியாபாரம் முடிந்தது.

"ஓரின், நீ சும்மாக் கேட்டாக்கூட இனி தர மாட்டேன்" என்று மில்டன் சேர்த்துக்கொண்டார். "இவன் முப்பது வருஷத்துல முதல் தடவையாத் தோத்ததுக்கு இது ஞாபகச் சின்னம்."

"நீயே வெச்சுக்கய்யா" என்றார் ஓரின்.

டெல்மர் சட்டைப் பையிலிருந்து தூரிகையை எடுத்து மில்டனிடம் நீட்டினார். மில்டன் அதை இரண்டு கையாலும் வாங்கி, முடியெல்லாம் கொட்டியிருப்பதைக் கண்டு சற்று ஏமாந்தார். ஆனாலும் ஹால்விக் என்று எழுதியிருந்த பலகையைப் பிடுங்கி, பெயரை அடித்துவிட்டு, "தெரியாது" என்று பெரிதாக எழுதி நட்டார். கூட்டம் கை தட்டியது. டெல்மரும் தட்டினார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி லேசாகவும் இருந்தது.

லவோன் ஒரு தட்டில் ஆப்பிள் பை கொண்டுவந்து கொடுத்தாள். ஓரினும் டெல்மரும் பிரெய்ரி குயினின் நிழலில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து சாப்பிட்டார்கள்.

"சரி, உண்மையிலேயே அது என்ன வண்டியா இருக்கும்டா?" என்றார் ஓரின்.

"சத்தியமாத் தெரியலடா" என்றார் டெல்மர். இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அப்போது மின்னசோட்டா எண் போட்ட கார் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள் இறங்கினார். அவருடைய செருப்பு புழுதிக்கு ஏற்றதில்லை. கையில் கட்டாகப் பணம் இருக்கிறவர்களுக்கே உரிய பதற்றத்தோடு கூட்டத்தைப் பார்த்தார்.

"இங்க டெல்மர் லிண்ட்னர்ங்கறது யாரு?"

"இவர்தாங்க" என்று மில்டன் தூரிகையால் சுட்டிக் காட்டினார். "ஆனா வண்டி சமாச்சாரம் எதுவும் இவர்கிட்ட கேக்காதீங்க. இவருக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த அம்மாள் நேராக வந்து டெல்மரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நான் ஹால்விக் வீட்டுப் பொண்ணுங்க, படத்தைப் பாத்ததுலேர்ந்து நிக்காம வண்டி ஓட்டிட்டு வரேன், ஃபாக்டரி எரியல, இடிச்சாங்க, அது ஒண்ணைத்தான் நீங்க தப்பாச் சொல்லிட்டீங்க. மத்தபடி நாற்காலி செஞ்ச எங்க தாத்தா ஒரே ஒரு வருஷம் டிராக்டரும் செஞ்சாருங்கறது எங்க குடும்பத்துக்கு வெளியில ஒருத்தருக்கும் தெரியாதே, உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?"